அறுபதாயிரம் ரூபாயை எங்கே கொடுப்பது? அன்னதானம், ஸ்பான்சர், கட்டடம், பொது நிதி: ஓர் ஒப்பீடு

ஈரோட்டில் ஒரு குடும்பம். அம்மாவின் முதல் வருஷத் திதி வருகிறது. மூன்று பிள்ளைகளும் ஆளுக்கு இருபதாயிரம் போட்டு, ஆதரவில்லாத குழந்தைகளுக்கு வருஷா வருஷம் ஏதாவது செய்யலாம் என்று பேசி முடித்தார்கள். அதுவரை சண்டையில்லை. எங்கே, எப்படி என்று வந்தபோது ஆளுக்கொரு திசை. மூத்தவர், அம்மா பேரில் ஓர் இல்லத்தில் மாதம் ஒரு நாள் அன்னதானம் என்கிறார். நடுவில் பிறந்த அக்கா, ஒரே ஒரு பெண் குழந்தையின் பொறுப்பை ஏற்றுக்கொள்வோம், அது படித்து வளர்வதைக் கண்ணால் பார்க்கலாம் என்கிறார். சிங்கப்பூரில் இருக்கும் தம்பிக்கு, கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஏதாவது நிற்க வேண்டும். ஒரு அறையோ தண்ணீர்த் தொட்டியோ, அதில் அம்மாவின் பெயர்.

சில இல்லங்களின் வரவு செலவை வருஷ முடிவில் சரிபார்த்துக் கொடுக்கிறவன் நான். அதனால் என்னிடம் கேட்டார்கள். அவர்களுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன், இதே குழப்பத்தில் இருக்கிற மற்றவர்களுக்கும் பயன்படலாம். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: மூன்று பேர் சொன்னதிலும் எனக்கு முழுச் சம்மதமில்லை.

கொடுப்பதற்கு முன்னால்

எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் முதலில் பார்க்க வேண்டியது ஒன்று. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி குழந்தைகளைத் தங்கவைத்துப் பராமரிக்கிற எந்த இல்லமும் பதிவு பெற்றிருக்க வேண்டும். அரசு உதவி வாங்கினாலும் வாங்காவிட்டாலும், மடம் நடத்தினாலும் சர்ச் நடத்தினாலும் இதில் விலக்கு கிடையாது. பதிவில்லாமல் நடத்தினால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். அப்புறம், ஒரு பிள்ளை அங்கே தங்குவதற்கு மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவு வேண்டும். "பாவம், அப்பா இல்லாத பையன், நாங்களே சேர்த்துக்கிட்டோம்" என்று இல்லத்துக்காரர் சொன்னால், அவர் மனது நல்லதாகவே இருக்கலாம், ஆனால் அந்தப் பிள்ளை எங்கே இருக்கிறான் என்பது அரசின் எந்தக் கோப்பிலும் இல்லை என்று அர்த்தம். நாளைக்கு அவனுக்கு ஒன்று நேர்ந்தால் கேட்க ஆளிருக்காது.

பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள், தேதியைப் பாருங்கள். சந்தேகமிருந்தால் கலெக்டர் ஆபீஸில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகைக் கேளுங்கள். நம் ஊரில் இதைக் கேட்பதற்கே கூச்சப்படுகிறார்கள், தானம் கொடுக்கப் போகிற இடத்தில் கணக்குக் கேட்கிற மாதிரி ஆகிவிடுமே என்று. ஒழுங்காக நடக்கிற இடத்தில் கேட்டவுடன் எடுத்து நீட்டுவார்கள். அதேபோல, போன உடனே உள்ளே கூட்டிப்போய்ப் பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்துப் பாட்டுப் பாடச் சொல்கிற இடத்தைவிட, "முன்கூட்டியே சொல்லிவிட்டு வாங்க, தூங்குகிற அறைக்கெல்லாம் விடமாட்டோம்" என்று வாசலில் நிறுத்துகிற இடத்தின் மேல் எனக்கு நம்பிக்கை அதிகம்.

அன்னதானம்

இல்லத்தின் ஆபீஸ் மேசையில் ஒரு நீள டைரி இருக்கும். நன்கொடையாளர்கள் நாள் குறிக்கிற டைரி. அதைப் புரட்டினாலே பாதி விஷயம் விளங்கிவிடும். ஜனவரி 1ஆம் தேதிப் பக்கத்தில் மூன்று பெயர்கள், மூன்று போன் எண்கள், ஒன்றின் பக்கத்தில் "சைவம், கேசரி உண்டு". பொங்கல், ஆகஸ்ட் 15, தீபாவளிக்கு முந்தின வாரம் முழுக்க, பெரும்பாலான ஞாயிற்றுக்கிழமைகள், எல்லாம் நிரம்பியிருக்கும். சில ஞாயிறுகளில் மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு பார்ட்டி வந்து, ஒருவரை இரவுக்குத் தள்ளியிருப்பார்கள். ஜூன் இரண்டாம் வாரத்துக்குப் போங்கள். பக்கம் பக்கமாக வெள்ளையாக இருக்கும். பள்ளிக்கூடம் திறந்து, நோட்டு, ஷூ, பஸ் பாஸ், பெரிய பிள்ளைகளுக்குக் கல்லூரிச் சேர்க்கை என்று செலவு கழுத்தைப் பிடிக்கிற மாதம் அதுதான்.

அன்னதானத்தை நான் இளக்காரம் செய்யவில்லை. பசித்த வயிற்றுக்குச் சோறு போடுவதைப் பெரிதாக நினைக்கிற ஊர் இது, அதில் குறை காண ஒன்றுமில்லை. அரசு மானியம் வாங்கும் இல்லத்துக்கு, மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் ஒரு பிள்ளைக்கு மாதம் 3,000 ரூபாய். ஒரு நாளைக்கு நூறு ரூபாய். மூன்று வேளைச் சாப்பாடும் துணிமணியும் சோப்பும் இதற்குள் அடங்க வேண்டும் என்றால் என்ன ஆகும் என்று வீட்டுக் கணக்குப் பார்க்கிற யாருக்கும் தெரியும். மானியமே வாங்காமல் நன்கொடையை மட்டும் நம்பி ஓடுகிற இல்லங்களும் நிறைய. ஆகவே சாப்பாட்டுக்கு வருகிற பணம் வீண் இல்லை.

பிரச்சினை, அது வருகிற விதத்தில். ஐம்பது அறுபது பிள்ளைகள் இருக்கிற இடத்தில் ஒரு மதியச் சாப்பாட்டுக்கு நாலாயிரம், ஐயாயிரம் என்று கார்டில் போட்டிருப்பார்கள். பலர் அந்தப் பணத்தை இல்லத்தில் கட்டுவதில்லை. தாங்களே கேட்டரிங்காரரிடம் சொல்லி பிரியாணியோ சாம்பார் சாதமோ கொண்டுவருகிறார்கள். இல்லத்துச் சமையற்காரருக்கு அன்று சம்பளம் உண்டு, வேலை இல்லை. வாங்கிவைத்த காய் வாடுகிறது. திங்கட்கிழமை மறுபடி ரேஷன் அரிசிச் சோறும் ரசமும். அதைவிட எனக்கு உறுத்துவது கேக். முன்பின் தெரியாத ஒரு குழந்தையின் பிறந்தநாளுக்கு, தங்கள் பிறந்தநாள் எது என்றே தெரியாத பிள்ளைகள் கைதட்டிப் பாட வேண்டியிருக்கிறது, அதுவும் ஒரே மாதத்தில் பல தடவை. பக்கத்தில் நின்று போட்டோ எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுகிறவர்களுக்கு ஒரு தகவல்: பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையின் அடையாளம் வெளியே தெரியும்படி படமோ பெயரோ வெளியிடுவது அதே சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

மூத்தவர் அன்னதானத்தை விடவே மாட்டேன் என்றால், திதி அன்றைக்கு ஒரு நாள் மட்டும் வைத்துக்கொள்ளட்டும். பணத்தை இல்லத்தில் கட்டி ரசீது வாங்கி, அவர்கள் அடுப்பில் அவர்களே சமைக்கட்டும். மாதம் ஒரு நாள் வேண்டாம்.

ஒரு பிள்ளையின் பொறுப்பு

அக்கா சொல்கிற வழிதான் மனதுக்கு நெருக்கமானது. உலகம் முழுக்கத் தொண்டு நிறுவனங்கள் இதை வைத்துத்தான் வளர்ந்தன. 1937இல் ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பிளான், 1950இல் தொடங்கிய வேர்ல்டு விஷன், 1952இல் கொரியப் போர் அநாதைகளுக்காகத் தொடங்கிய கம்பாஷன், எல்லாவற்றுக்கும் அடித்தளம் ஒரு போட்டோ, ஒரு பெயர், மாதாமாதம் ஒரு தொகை, வருஷத்துக்கு ஒன்றிரண்டு கடிதம்.

இதனால் பலன் உண்டா? உண்டு. கம்பாஷன் திட்டத்தில் சிறுவயதில் உதவி பெற்றவர்களை இந்தியா உட்பட ஆறு நாடுகளில் தேடிப்பிடித்து விசாரித்த ஆய்வு ஒன்று 2013இல் வெளிவந்தது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரம் அதில் இருக்கிறது. உதவி பெற்றவர்கள் மற்றவர்களைவிட ஒரு வருஷத்திலிருந்து ஒன்றரை வருஷம் வரை கூடுதலாகப் படித்திருந்தார்கள். இது சின்ன விஷயமில்லை.

இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 1998இல் சிகாகோ ட்ரிப்யூன் செய்தித்தாளின் நிருபர்கள் தாங்களே ஸ்பான்சராகச் சேர்ந்து, பிறகு அந்தப் பிள்ளைகளைத் தேடிப் போனார்கள். சில இடங்களில் பிள்ளை இறந்து வெகுநாள் ஆகியிருந்தது, பணம் மட்டும் போய்க்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு பெரிய நிறுவனங்கள் பலவும் பணத்தை ஊருக்கு அல்லது திட்டத்துக்குப் பொதுவாகச் செலவழிக்கிறோம், பிள்ளை ஓர் அடையாளம் மட்டுமே என்று வெளிப்படையாகவே எழுத ஆரம்பித்தன. அது நேர்மை. ஆனால் கொடுக்கிற அக்கா அந்தப் பொடி எழுத்தைப் படிப்பதில்லை, தன் ஆயிரத்தைந்நூறு நேராக அந்தப் பெண்ணின் தட்டுக்குப் போகிறது என்றே நினைக்கிறார்.

இன்னொன்று, குழாய் அடைபட்டால் என்ன ஆகும் என்பது. கம்பாஷன் 2017 மார்ச்சில் இந்தியாவை விட்டே வெளியேறியது. முன் அனுமதி இல்லாமல் பணம் அனுப்பக் கூடாது என்று அரசு சொன்னதுதான் காரணம். ஒன்றே கால் லட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகள் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். அரசு செய்தது சரியா, தவறா என்பது வேறு விவாதம். தூரத்தில் இருக்கிற ஒரு நன்கொடையாளரோடு ஒரு குழந்தையை முடிச்சுப் போட்டால், நடுவில் எது அறுந்தாலும் அடி விழுவது குழந்தைக்குத்தான்.

இல்லத்துக்குள் நடப்பதையும் சொல்ல வேண்டும். ஸ்பான்சர் கேட்டு வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் ஐந்தாறு வயதுப் பெண் குழந்தை வேண்டும், முகம் லட்சணமாக இருக்க வேண்டும், மார்க் வாங்க வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் இரண்டு பாடத்தில் தோற்று, மீசை அரும்பி, யாரிடமும் முகம் கொடுத்துப் பேசாத பையனுக்கு ஸ்பான்சர் கிடைப்பதில்லை. ஒரே அறையில் ஒருத்திக்குப் புது சைக்கிள், பக்கத்துக் கட்டில்காரிக்கு ஒன்றுமில்லை. நல்ல வார்டன் இருந்தால் வந்ததையெல்லாம் பொதுவாக்கிப் பங்கிடுவார். அப்படிப் பங்கிடுவார் என்றால், பொது நிதிக்கே கொடுத்துவிடலாமே?

அக்காவுக்கு நான் சொன்ன மாற்று: பெயர் சொல்லாமல் ஒரு பொறுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பதினெட்டு வயது முடிந்து இல்லத்தை விட்டு வெளியேறுகிற பிள்ளைகளின் முதல் வருஷச் செலவு. சட்டத்தில் இருபத்தொரு வயது வரை பின்பராமரிப்புக்கு இடமிருக்கிறது, சில சூழ்நிலையில் இருபத்து மூன்று வரைகூட நீட்டிக்கலாம். மிஷன் வாத்சல்யாவில் அதற்கும் மாதம் 4,000 ஒதுக்கியிருக்கிறார்கள். ஆனாலும் பதினெட்டு முடிந்த மறுநாள் கையில் ஒரு டிரங்குப் பெட்டியோடு நிற்கிறவனுக்கு, வாடகைக்கு அட்வான்ஸ் கொடுக்கவும், முதல் மாதச் சம்பளம் வரும்வரை மெஸ்ஸுக்குக் கட்டவும், நர்ஸிங் படிக்கப் போகிற பெண்ணுக்கு யூனிஃபார்ம் எடுக்கவும் பணம் உடனடியாக வேண்டும். மானியம் உத்தரவாகி வருவதற்குள் பசங்கள் ஏதாவதொரு கடையில் வேலைக்குப் போய்விடுகிறார்கள். இந்த வயதுக்குக் கொடுக்க யாரும் வருவதில்லை. போட்டோவுக்கு அழகாக இருக்க மாட்டார்கள் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

கட்டடமும் மூலதனமும்

தம்பியின் யோசனையை அதிகம் நீட்ட வேண்டியதில்லை. அறுபதாயிரத்தில் அறை கட்ட முடியாது. பெரிய கம்பெனிகள் சட்டப்படி லாபத்தில் இரண்டு சதவீதம் சமூகப் பொறுப்புக்குச் செலவழிக்க வேண்டியிருப்பதால், கட்டடம், சோலார், ஆர்ஓ மெஷின் போன்றவற்றுக்குத்தான் அவர்கள் முதலில் வருகிறார்கள். பெயர்ப் பலகை வைக்கிற பொருளுக்குப் பணம் கிடைக்கும், அந்த ஆர்ஓ மெஷினுக்கு ஃபில்டர் மாற்றத்தான் கிடைக்காது. கட்டடத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. கட்டில் போட்டுவிட்டால் அதை நிரப்பத் தோன்றும்.

மூலதன நிதியில் போடலாமா என்றார். 60,000த்தை ஏழு சதவீத வட்டிக்குப் போட்டால் வருஷத்துக்கு 4,200. நிரந்தரம்தான், ஆனால் ஒரு நாள் மதியச் சாப்பாட்டோடு சரி. பெரிய தொகை வைத்திருப்பவர்களுக்கு அது பொருந்தும்.

பிள்ளை வீட்டிலேயே இருப்பதற்கு

மூன்று பேருமே யோசிக்காத வழி இது. இல்லத்தில் இருக்கிற எல்லோரும் அப்பா அம்மா இரண்டு பேரும் இல்லாதவர்கள் என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். பதிவேட்டைப் பார்த்தால் அப்படியில்லை. அப்பா இறந்திருப்பார் அல்லது விட்டுவிட்டுப் போயிருப்பார், அம்மா இருப்பார். செங்கல் சூளையிலோ, திருப்பூர் பனியன் கம்பெனியிலோ, யார் வீட்டிலோ தங்கி வேலை செய்துகொண்டோ. ராத்திரி ஷிப்ட்டுக்குப் போனால் பெண் குழந்தையை யாரிடம் விடுவது? வாடகை கொடுத்தால் சோற்றுக்கு இல்லை, சோறு பொங்கினால் வாடகைக்கு இல்லை. இல்லத்தில் விட்டால் மூன்று வேளைச் சாப்பாடு, படிப்பு, பாதுகாப்பு என்று யாரோ சொல்கிறார்கள். அழுதுகொண்டே கொண்டுவந்து விடுகிறார். வறுமை ஒன்றுக்காகவே பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கக் கூடாது என்று ஐ.நா. பொதுச்சபை 2009இல் ஏற்றுக்கொண்ட வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. நம் சட்டமும் இல்லத்தைக் கடைசி வழியாகத்தான் வைத்திருக்கிறது.

பிரித்து வைத்தால் என்ன ஆகும் என்பதற்குப் பலமான ஆதாரம் ருமேனியாவிலிருந்து வந்தது. புக்கரெஸ்ட் நகரத்து அரசு இல்லங்களில் இருந்த 136 சிறு குழந்தைகளை 2000ஆம் ஆண்டு வாக்கில் எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் பாதிப்பேரைப் பயிற்சி பெற்ற வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். நாலரை வயதில் அளந்தபோது, குடும்பத்துக்குப் போனவர்களின் சராசரி அறிவுத்திறன் எண் 81, இல்லத்துக்கென ஒதுக்கப்பட்டவர்களுக்கு 73. எவ்வளவு சீக்கிரம் போனார்களோ அவ்வளவு நல்லது என்றும் தெரிந்தது. அந்த ருமேனிய இல்லங்கள் மோசமானவை, நம் ஊர் நல்ல இல்லம் ஒன்றை அதோடு சேர்த்துப் பேசுவது நியாயமில்லை என்பது எனக்கும் தெரியும். முத்துலட்சுமி ரெட்டி 1930இல் சென்னையில் அவ்வை இல்லத்தைத் தொடங்கியபோது அங்கே வந்த பெண்களுக்குப் போக வேறு வீடு இருக்கவில்லை. இன்றைக்கும் வீட்டுக்குள்ளேயே பாலியல் கொடுமைக்கு ஆளான பிள்ளையை அதே வீட்டுக்கு அனுப்ப முடியாது, அப்படிப்பட்டவர்களுக்கு நல்ல இல்லம் வேண்டும். ஆனால் கையில் இன்னும் நாலாயிரம் ரூபாய் இருந்தால் அம்மாவே வளர்த்துவிடுவார் என்கிற பிள்ளைக்கு இல்லம் எதற்கு?

அந்த நாலாயிரம் அரசிடம் இருக்கிறது. 2022இல் வெளியான மிஷன் வாத்சல்யா வழிகாட்டுதலில் நிதி ஆதரவுத் திட்டம் என்று ஒரு பிரிவு உண்டு. கணவனை இழந்த அல்லது கைவிடப்பட்ட தாயிடம் இருக்கிற பிள்ளை, உறவினர் வீட்டில் வளர்கிற அநாதைப் பிள்ளை, உயிருக்கு ஆபத்தான நோயுள்ள பெற்றோரின் பிள்ளை ஆகியோருக்கு மாதம் 4,000 ரூபாய். கிராமமானால் குடும்ப ஆண்டு வருமானம் 72,000க்குள், மற்ற இடங்களில் 96,000க்குள் இருக்க வேண்டும். தமிழக அரசும் 2025இல் அன்புக் கரங்கள் என்ற திட்டத்தைத் தொடங்கி, பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்குப் பதினெட்டு வயது வரை மாதம் 2,000 தருகிறது.

திட்டம் இருக்கிறது, பிள்ளைக்குப் போய்ச் சேருவதுதான் பாடு. இறப்புச் சான்றிதழில் முருகன், ரேஷன் கார்டில் முருகேசன், பிள்ளையின் ஆதாரில் இன்ஷியல் கே. மூன்றும் ஒரே ஆள் என்று நிரூபிக்க அந்த அம்மா எங்கே போவார்? இ-சேவை மையத்துக்குப் போனால் விஏஓவைப் பார்த்துவிட்டு வா என்பார்கள், விஏஓ முகாமுக்குப் போயிருப்பார். வருமானச் சான்றிதழ் வேண்டும், பிள்ளை பேரில் வங்கிக் கணக்கு வேண்டும், படிக்கிற சான்று வேண்டும். ஒரு நாள் அலைந்தால் ஒரு நாள் கூலி போச்சு. மூன்றாம் தடவை பலர் விட்டுவிடுகிறார்கள். கணவன் உயிரோடு இருந்து ஓடிப்போனவன் என்றால் இன்னும் கஷ்டம், அவன் இல்லை என்பதற்கு எந்த ஆபீஸிலும் காகிதம் தரமாட்டார்கள்.

இங்கேதான் சிறிய தொண்டு நிறுவனத்துக்கு வேலை. ஒரு களப்பணியாளர், ஸ்கூட்டியில் போகிற ஒரு பெண் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 18,000 சம்பளம். வருஷத்துக்கு 2,16,000. அவர் கூடவே அலைந்து இருபது பிள்ளைகளுக்கு அந்த 4,000த்தை வாங்கிக் கொடுத்துவிட்டால், வருஷத்துக்கு 9,60,000 ரூபாய் அந்தக் குடும்பங்களுக்குப் போகிறது. நன்கொடையாக வந்த ஒரு ரூபாய்க்கு நாலு ரூபாய்க்கு மேல். மாவட்டத்துக்கு இத்தனை பேர்தான் என்று ஒதுக்கீடு இருப்பதால் எல்லோருக்கும் கிடைத்துவிடாது என்பது உண்மை. கிடைக்காதவர்களுக்கு, ஷிப்ட் நேரத்தில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒரு மாலை மையம், தையல் மெஷின், வாடகை அட்வான்ஸ் என்று வேறு வழி தேடுவதும் அதே பணியாளர்தான்.

இவ்வளவு நல்ல வேலைக்கு ஏன் நன்கொடை வருவதில்லை? காட்டுவதற்கு ஒன்றுமில்லை. ஒரு பிள்ளை தன் வீட்டிலேயே, தன் அம்மாவோடு, வழக்கம்போல இருக்கிறது. அதைப் போட்டோ எடுத்து என்ன செய்வது? போதாக்குறைக்கு, கணக்கில் இது "சம்பளம்" என்ற தலைப்பில் வந்து விழுகிறது.

பொது நிதியும் நிர்வாகச் செலவும்

"எங்க பணம் சம்பளத்துக்குப் போகக் கூடாது, பிள்ளைகளுக்குத்தான் போகணும்" என்று ரசீதிலேயே எழுதச் சொல்கிறவர்கள் நிறைய. பிள்ளைகளைக் காலையில் எழுப்பிக் குளிக்கவைத்து, காய்ச்சல் வந்தால் ராத்திரி ஜி.ஹெச்சுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிற இல்லத்து அம்மாக்களுக்குச் சம்பளம் எங்கிருந்து வரும்? அவர்களுக்கு எட்டாயிரம், ஒன்பதாயிரம் கொடுக்கிற இடங்களில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆள் மாறுகிறார்கள். ஏற்கெனவே ஒருவரை இழந்து வந்த பிள்ளை, வருஷத்துக்கு இரண்டு அம்மாக்களை இழக்கிறது. தீபாவளிக்கு மூன்றாவது செட் டிரஸ் எடுத்துக் கொடுப்பதைவிட அந்த அம்மா அங்கேயே நிலைத்திருக்கச் செய்வது மேல்.

பொது நிதியில் இருந்துதான் கரண்ட் பில், வேனுக்கு எஃப்சி, மனநல ஆலோசகர், ஆடிட்டர் ஃபீஸ், ஜூன் மாதப் பள்ளம் எல்லாம் நடக்கிறது. நிர்வாகச் செலவு எத்தனை சதவீதம் என்று மட்டும் பார்த்து நிறுவனத்தை எடைபோடுவதில் எனக்கு நம்பிக்கையில்லை. ஆலோசகரின் சம்பளத்தை ஒருவர் திட்டச் செலவில் போடுவார், இன்னொருவர் நிர்வாகத்தில் போடுவார். எண் மாறிவிடும், வேலை ஒன்றுதான். அதற்குப் பதில் மூன்று வருஷத் தணிக்கைக் கணக்கை வாங்கிப் பாருங்கள். ஒரே ஆளின் அல்லது ஒரே கம்பெனியின் பணத்தில் பாதிக்குமேல் ஓடுகிறதா? கையிருப்பு மூன்று மாதச் செலவுக்காவது தாங்குமா? குடும்பத்துக்குத் திரும்பிப் போன பிள்ளைகள் எத்தனை பேர், போன பிறகு யாராவது போய்ப் பார்த்தார்களா? கடைசிக் கேள்விக்கு விறுவிறுவென்று பதில் வந்தால் அந்த நிறுவனத்தை நம்பலாம். பிள்ளைகளின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போவதைப் பெருமையாகச் சொன்னால் கொஞ்சம் யோசியுங்கள்.

ரசீது, வரி, சிங்கப்பூர்

நிறுவனத்துக்கு 80ஜி அனுமதி இருந்தால், பொதுவாகக் கொடுத்த தொகையில் பாதியை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். பழைய வரிமுறையில் இருப்பவருக்கு மட்டும்தான் இது, புதிய முறைக்கு மாறியவருக்கு இல்லை. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு கிடையாது. அரிசி மூட்டை, துணி, கேட்டரிங் சாப்பாடு ஆகியவற்றுக்கும் கிடையாது. மூத்தவர் இருபது சதவீத வரம்பில் இருக்கிறார், அவருடைய இருபதாயிரத்துக்கு மிச்சமாவது இரண்டாயிரத்துச் சொச்சம். அதற்காக இடத்தை மாற்ற வேண்டாம். ஆனால் நிறுவனம் வருமானவரித் துறைக்கு நன்கொடைப் பட்டியல் தாக்கல் செய்து உங்களுக்கு முறையான சான்றிதழ் தருகிறதா என்பது, அதன் கணக்கு எவ்வளவு சுத்தம் என்பதைக் காட்டிவிடும்.

தம்பி இந்தியப் பாஸ்போர்ட்டில்தான் இருக்கிறார். அவர் வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர்க் குடியுரிமை எடுத்துவிட்டால், ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்த இந்திய வம்சாவளியினருக்குத் தருவது) இருந்தாலும் அவர் வெளிநாட்டவர்தான். அதன்பிறகு எஃப்சிஆர்ஏ என்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவுள்ள நிறுவனத்துக்கு, டெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் இருக்கிற கணக்குக்குத்தான் அனுப்ப வேண்டும். சிறிய நிறுவனங்கள் பலவற்றுக்கு அந்தப் பதிவு இருக்காது. தெரியாமல் சாதாரணக் கணக்கில் போட்டுவிட்டால் மாட்டிக்கொள்வது அந்த நிறுவனம். அவர் அடுத்த வருஷம் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கப் போவதாகச் சொன்னதால் இதை அழுத்திச் சொன்னேன்.

அவர்களுக்கு நான் சொன்னது

அறுபதாயிரத்தை மூன்று இடத்துக்குப் பிய்த்துக் கொடுக்க வேண்டாம், ஒரே நிறுவனம் போதும். இல்லமும் நடத்தி, பிள்ளைகளைக் குடும்பத்தோடு சேர்க்கிற வேலையும் செய்கிற நிறுவனமாகப் பாருங்கள். ஈரோடு, திருப்பூர், சேலம் பக்கத்திலேயே தேடலாம், போய்ப் பார்க்கச் சௌகரியம். மாதம் 3,500 ரூபாய் வங்கியிலிருந்து தானாகப் போகிற மாதிரி ஏற்பாடு செய்து, "எந்தச் செலவுக்கும் பயன்படுத்தலாம்" என்று ஒரு கடிதம் கொடுங்கள். வருஷத்துக்கு 42,000. பதினெட்டு முடிந்து வெளியேறுகிறவர்களுக்கு மே மாதத்தில் மொத்தமாக 13,000, அக்காவின் பங்காக. மீதி ஐயாயிரம் திதி அன்றைய சாப்பாட்டுக்கு, மூத்தவருக்காக. மூன்று வருஷத்துக்கு நிறுத்தமாட்டோம் என்று சொல்லிக் கொடுத்தால் அந்தச் சொல்லை நம்பி ஓர் ஆளை அவர்கள் வேலைக்கு வைக்க முடியும். வருகிற தொகை தெரியாதபோது யாரும் களப்பணியாளரை எடுக்கத் துணிவதில்லை.

தம்பி கேட்ட பெயர்ப் பலகைக்கு இதில் இடமில்லை. அவர் இன்னும் சமாதானமாகவில்லை. மூத்தவர் ஐயாயிரத்தைப் பத்தாயிரமாக்கலாமா என்று பேரம் பேசிக்கொண்டிருக்கிறார். அக்கா மட்டும் இரண்டு நிறுவனங்களின் தணிக்கைக் கணக்கை வாங்கிவைத்திருக்கிறார். அதில் ஒன்றில் போன வருஷம் ஒன்பது பிள்ளைகள் வீடு திரும்பியதாக இருக்கிறது, திரும்பிய பிறகு யார் போய்ப் பார்த்தது என்ற விவரம் இல்லை. அதைக் கேட்டு எழுதியிருக்கிறார்.